ஐந்து டாலர் நோட்டும் ஆறாம் பிரிவும்

கனடாவின் மேற்குச் சமவெளிகளில் ஆண்டுக்கு ஒரு நாளை ‘ட்ரீட்டி டே’ என்கிறார்கள். உடன்படிக்கை நாள். ஒரு மேசை போட்டு, அரசு அலுவலர் ஒருவர் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சிவப்புச் சீருடையும் அகலத் தொப்பியுமாக ஒரு போலீஸ்காரர். வரிசையில் வருபவர் தன் அட்டையைக் காட்டுவார். பட்டியலில் பெயரைச் சரிபார்த்ததும் புத்தம்புதிய ஐந்து டாலர் நோட்டு ஒன்று அவர் கைக்கு வரும். அப்புறம் ஒரு கைகுலுக்கல். அடுத்த ஆள்.

அந்தத் தொகை 1870களில் எழுதப்பட்டது. இன்றைக்கும் அதே ஐந்து டாலர்தான். ஒரு காபியும் பன்னும் வாங்கினால் தீர்ந்துவிடும். வரிசையில் நிற்கும் பலருக்கும் இது தெரியும். எங்களோடு நீங்கள் ஓர் ஒப்பந்தம் செய்தீர்கள், அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அரசுக்கு ஆண்டுக்கொரு முறை நினைவூட்டத்தான் அவர்கள் வருகிறார்கள்.

அந்த நோட்டுக்குப் பின்னால் இருப்பது உடன்படிக்கை. காட்டுகிற அட்டைக்குப் பின்னால் இருப்பது 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம். உடன்படிக்கை ஒரு மக்கள் கூட்டத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசியது. சட்டமோ, அந்த மக்கள் யார் யார் என்று தீர்மானிக்கும் வேலையை அரசின் கையில் கொடுத்துவிட்டது. கடன்பட்டவனே, கடன் கொடுத்தவர் பட்டியலையும் எழுதுவது மாதிரி. கனடாவின் தொல்குடிகள் இன்று யார், அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வியெல்லாம் இந்த ஒரு சிக்கலில்தான் வந்து முட்டுகிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். இங்கே ‘இந்தியர்’ என்றால் நம் இந்தியர் அல்ல. ஐரோப்பியர்கள் தப்பாக வைத்த பெயர் அது. இன்றைக்கு யாரையாவது நேரில் அப்படிக் கூப்பிட்டால் அவமதிப்பு. அவர்கள் தங்களை அனிஷினாபே, க்ரீ, ஹோடினோஷோனி, நிஸ்கா என்று சொந்தப் பெயர்களால்தான் சொல்வார்கள். பொதுவாகச் சொன்னால் முதற்குடியினர். ஆனால் சட்டப் புத்தகத்தில் பழைய சொல் அப்படியே நிற்கிறது. முதற்குடியினர், வடக்கே வாழும் இனுயிட், தொல்குடி-ஐரோப்பியக் கலப்பில் உருவான மேட்டீ ஆகிய மூன்று பிரிவினரையும் சேர்த்து 2021 கணக்கெடுப்பில் 18 லட்சம் பேர், நாட்டு மக்களில் 5 சதவீதம்.

உடன்படிக்கைகளின் கதை 1763இல் தொடங்குகிறது. பிரான்ஸை வென்று வட அமெரிக்காவின் பெரும் பகுதியைப் பிடித்த பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று ஓர் அரசாணை போட்டார். தொல்குடிகளின் நிலத்தைத் தனியார் யாரும் வாங்கக் கூடாது. அவர்கள் விற்க விரும்பினால், அதற்கென்றே கூட்டிய பொதுக் கூட்டத்தில், மன்னர் பெயரில் மட்டுமே வாங்கலாம். அதாவது நிலம் அவர்களுடையது என்று மன்னரே ஒப்புக்கொண்ட ஆவணம் இது. அடுத்த ஆண்டு நயாகராவில் இருபத்துநான்கு தேசத்தாரின் பிரதிநிதிகள் சுமார் 2,000 பேர் கூடினார்கள். மன்னர் தரப்பில் வில்லியம் ஜான்சன் வந்தார். அங்கே வாம்பம் பட்டைகள் கைமாறின. சிப்பி மணிகளைக் கோத்துச் செய்யும் அந்தப் பட்டைதான் அவர்களுக்குச் சாசனம். பெரியவர்கள் அதைக் கையில் ஏந்தி, அதில் அடங்கிய வாக்குறுதியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவார்கள். ஒரு பக்கத்துக்கு எழுத்து சாட்சி, இன்னொரு பக்கத்துக்கு நினைவும் சொல்லும் சாட்சி. பின்னால் வந்த வழக்குகளில் பாதி இந்த வேறுபாட்டில் பிறந்தவைதான்.

டொராண்டோவில் தமிழ் விழா எதற்குப் போனாலும் இப்போது தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அருகிலேயே, நாம் நிற்கும் நிலம் எந்தத் தொல்குடியினருடையது என்று சொல்லும் நில ஒப்புதல் உரை ஒன்றையும் வாசிக்கிறார்கள். பதின்மூன்றாம் உடன்படிக்கை, வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்று பெயர்கள் வரும்; பெரும்பாலானோர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கை தேடுவோம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நடந்ததை ஒரு முறையாவது தெரிந்துகொள்வது நல்லது. 1787இல் மிசிசாகா மக்களிடமிருந்து டொராண்டோ நிலத்தை வாங்கியதாகச் சொன்ன பத்திரத்தை, சில ஆண்டுகள் கழித்து அதிகாரிகளே எடுத்துப் பார்த்தார்கள். எந்த நிலம், எவ்வளவு என்று எழுத வேண்டிய இடம் காலி. தலைவர்களின் குலச் சின்னங்கள் தனித் துண்டுக் காகிதங்களில் வரைந்து ஒட்டப்பட்டிருந்தன. குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் 1805இல் மறுபடி ஓர் ஒப்பந்தம். அதுதான் பதின்மூன்றாம் உடன்படிக்கை. இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு அதில் எழுதிய விலை பத்து ஷில்லிங். இந்தக் கணக்கு 2010இல்தான் தீர்ந்தது. கனடா அரசு 14.5 கோடி டாலர் கொடுத்தது.

1923இல் ஏழு சமூகங்களோடு செய்த வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் வேறு மாதிரி ஏமாற்று. வேட்டையாடும், மீன் பிடிக்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்ததாக எழுதிவிட்டார்கள். தங்கள் ஆற்றில் மீன் பிடித்ததற்கு அந்த மக்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது, 1994இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். 2018இல் அரசு மன்னிப்புக் கேட்டு, 111 கோடி டாலரோடு அந்த உரிமையையும் ஏற்றுக்கொண்டது.

1867இல் கனடா ஒரு நாடாக உருவானபோது, ‘இந்தியரும் அவர்களுக்கு ஒதுக்கிய நிலங்களும்’ மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் ஓர் உருப்படியாகச் சேர்க்கப்பட்டன. தபால், நாணயம், கலங்கரை விளக்கம் மாதிரி. அப்புறம் 1871 முதல் 1921 வரை, மேற்கிலும் வடக்கிலும் ரயில் பாதைக்கும் குடியேற்றத்துக்கும் நிலம் வேண்டி, புதிதாக ஒன்றிலிருந்து எண்ணிட்ட உடன்படிக்கைகள் பதினொன்று. அவற்றில் ஆறாவது 1876 ஆகஸ்டில் கார்ல்டன் கோட்டையில் கையெழுத்தானது. எருமை மந்தைகள் அழிந்துகொண்டிருந்தன, பெரியம்மை ஊர் ஊராகச் சாய்த்திருந்தது, பஞ்சம் வாசலில் நின்றது. அந்த நெருக்கடியிலும் க்ரீ தலைவர்கள் சும்மா தலையாட்டவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு நிலம் ஒதுக்குவோம் என்று அரசு தரப்பு சொன்னபோது, பவுண்ட்மேக்கர் எழுந்து கேட்டார்: இது எங்கள் நிலம், துண்டு துண்டாக நறுக்கி எங்களுக்கே திருப்பிக் கொடுக்க இது என்ன உலர்ந்த இறைச்சிக் கட்டியா? பஞ்சம் வந்தால் உதவி, அரசு அலுவலர் வீட்டில் எப்போதும் ஒரு மருந்துப் பெட்டி என்ற வாக்குறுதிகளை அவர்கள் பேரம் பேசி வாங்கினார்கள். அந்த மருந்துப் பெட்டியை வைத்துத்தான் இன்றும் மருத்துவ உரிமை கேட்கிறார்கள். நம் கல்வெட்டுகளில் சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்று வருமே, அதே மாதிரி இங்கேயும் சூரியன் ஒளிரும் வரை, ஆறு ஓடும் வரை என்று சொல்லித்தான் ஒப்பந்தம் செய்தார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்று. அதே 1876 ஏப்ரலில் ஒட்டாவா நாடாளுமன்றம் இந்தியர் சட்டத்தை நிறைவேற்றிவிட்டிருந்தது. ஆகஸ்டில் புகைபிடிக்கும் சடங்குக் குழாயைச் சுற்றி உட்கார்ந்து தேசத்துக்குத் தேசமாகப் பேசிய ஆணையர்கள், எதிரே இருந்தவர்களை மைனர் பிள்ளைகளைப் போல அரசின் காப்பில் வைக்கும் ஒரு சட்டம் நான்கு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டதை அங்கே வாய்திறந்து சொல்லவில்லை.

எழுதிக் கொடுத்த உடன்படிக்கையையாவது மதித்தார்களா? 1850இல் ஹ்யூரான், சுப்பீரியர் ஏரிகளின் வடகரையில் அனிஷினாபே மக்களோடு செய்த ராபின்சன் உடன்படிக்கைகளில் ஓர் அருமையான விதி உண்டு. நிலத்திலிருந்து வருமானம் பெருகினால், ஆண்டுத் தொகையும் பெருக வேண்டும். 1875இல் அதைத் தலைக்கு 4 டாலராக உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு அந்த மண்ணிலிருந்து எவ்வளவு மரம் போயிருக்கும், எவ்வளவு நிக்கல் போயிருக்கும்! சட்பரி சுரங்கங்கள் உலகப் பெயர் பெற்றவை. தொகை மட்டும் 4 டாலரிலேயே நின்றது. 2023இல் ஹ்யூரான் பகுதியின் 21 சமூகங்களோடு அரசுகள் 1,000 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஒன்றரை நூற்றாண்டாக இந்த மக்களுக்கு வெறும் கூடாகிப்போன வாக்குறுதிதான் மிஞ்சியிருந்தது என்ற பொருளில் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியது.

தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதாக இருந்தால், தலைகள் குறைந்தால் செலவு குறையும். இந்தியர் சட்டத்தைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1857இல் கனடா மாகாண அரசு ‘படிப்படியாக நாகரிகப்படுத்தும்’ சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, கடன் இல்லாத, நன்னடத்தை உள்ள தொல்குடி ஆண் ஒருவர் தன் சமூகத்திலிருந்து விலகி ‘முழுக் குடிமகன்’ ஆகலாம். பரிசாகச் சமூக நிலத்திலிருந்தே 50 ஏக்கர் வரை கிடைக்கும். கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வழியில் போனவர் ஒரே ஒருவர். ஆசை காட்டியது பலிக்காததால் சட்டம் கட்டாயத்துக்கு மாறியது. 1876 சட்டப்படி, தொல்குடி ஒருவர் பட்டம் பெற்று மருத்துவரானாலோ, வழக்கறிஞரானாலோ, பாதிரியாரானாலோ அந்தக் கணமே அவர் சட்டப்படி இந்தியர் இல்லை. படித்த ஆள் சமூகத்துக்குப் பயன்படும் நாளில் அவரைச் சமூகத்திலிருந்து வெட்டிவிடும் ஏற்பாடு. இந்த விதியைச் சில ஆண்டுகளில் தளர்த்தினார்கள். ஆனால் 1920இல், கேட்காதவரையும் அரசே பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று இன்னொன்று வந்தது. அப்போது துறையை நடத்திய டங்கன் கேம்பல் ஸ்காட், கனடாவில் கரைந்துபோகாத ஓர் இந்தியர்கூட இல்லாமலாகும் வரை, இந்தியர் பிரச்சினையும் இந்தியர் துறையும் இல்லாமலாகும் வரை தொடர்வதே நோக்கம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ஒளிவுமறைவே இல்லை.

அதே 1876 சட்டத்தின் விளக்கப் பிரிவில் ‘நபர்’ என்ற சொல்லுக்குக் கொடுத்த பொருள்: இந்தியர் அல்லாத ஒரு தனியாள். முதல் முறை படித்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

சரி, இந்தியர் யார்? ஒரு சமூகத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்திய ரத்தமுள்ள ஆண். அப்புறம் அவனுடைய பிள்ளை. அப்புறம் அவனை மணந்த பெண். வரிசையைக் கவனியுங்கள், எல்லாம் ஆண் வழி. ஆனால் ஹோடினோஷோனி மக்களிடையே பிள்ளை தாயின் குலத்தைச் சேரும்; தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் தவறினால் இறக்குவதும் குலத்தாய்மார்கள். அப்படிப்பட்ட சமூகத்தின் மேல், பெண்ணுக்கென்று ஓர் இடமே இல்லாத விளக்கத்தைக் கொண்டுபோய்ப் போர்த்தினார்கள். 1869லேயே வந்த விதி ஒன்று இன்னும் கொடுமை. தொல்குடிப் பெண் வெளியாளை மணந்தால் அவளும் அவள் பிள்ளைகளும் சட்டப்படி இந்தியர் அல்ல. தொல்குடி ஆண் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தாலோ, அந்த வெள்ளைக்காரப் பெண் சட்டப்படி இந்தியர் ஆகிவிடுவாள். தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கும் சபைகளைச் சட்டம் திணித்தது. அதில் பெண்களுக்கு 1951 வரை வாக்கு இல்லை. ஹோடினோஷோனித் தலைவர் டெஸ்காஹே தன் மக்களின் கடவுச்சீட்டோடே ஜெனிவா போய், 1923இல் ஐநாவுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் கதவைத் தட்டினார். அடுத்த ஆண்டே கனடா அரசு அவர் ஊரின் பரம்பரைச் சபையைக் கலைத்துத் தேர்தல் சபையை உட்கார வைத்தது.

சட்டத்தின் மற்றக் கரங்கள் பலருக்கும் தெரிந்தவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்குக் கடற்கரையில் பெயர் சூட்டவும், திருமணத்துக்கும், இறந்தவரை நினைக்கவும், சொத்தைப் பகிரவும் நடத்திய பாட்லாட்ச் விருந்துகள் 1885 முதல் குற்றம். 1921இல் ஒரு விருந்துக்காகப் பலரைச் சிறையில் தள்ளி, அவர்களுடைய முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் அள்ளிக்கொண்டுபோய் அருங்காட்சியகங்களில் வைத்தார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பிள்ளைகள், குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கும் உறைவிடப் பள்ளிகளுக்குப் போனார்கள். 1920இலிருந்து பள்ளிக்கு அனுப்ப மறுத்த பெற்றோர் மேல் வழக்கு. 1927இல் வந்த விதி எல்லாக் கதவையும் சேர்த்து மூடியது. நில உரிமை வழக்குக்காக, அரசின் அனுமதி இல்லாமல் தொல்குடிகளிடம் பணம் திரட்டுவது குற்றம். உடன்படிக்கையை மீறினாய் என்று கேட்க நீதிமன்றம் போக வேண்டும், போக வக்கீல் வேண்டும், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் திரட்டினால் சிறை. 1951 வரை இந்த விதி இருந்தது. பட்டியலில் இருப்பவர் தன் அடையாளத்தை இழக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்தை உள்ளிருந்து உடைத்தவர்கள் பெண்கள்தான். காஹ்னவாகேயின் மோஹாக் பெண் மேரி டூ ஆக்ஸ் எர்லி வெளியாளை மணந்து தன் அடையாளத்தை இழந்தவர். பிறந்த ஊரில் வீடு வைத்துக்கொள்ளும் உரிமையும், இறந்தால் அங்கே புதைக்கப்படும் உரிமையும்கூட அவருக்கு இல்லை. 1960களின் நடுவிலிருந்து மேடை மேடையாக ஏறிப் பேசினார். மானிட்டூலின் தீவின் ஜெனட் கார்பியேர் லவல் நீதிமன்றம் போனார். 1973இல் உச்ச நீதிமன்றம் ஒரே வாக்கு வித்தியாசத்தில் அவருக்கு எதிராக முடிவு செய்தது. வெளியாளை மணந்த பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தானே நடத்தப்படுகிறார்கள், அதனால் பாகுபாடு இல்லை என்று போனது வாதம். நியூ பிரன்ஸ்விக்கின் டோபிக் ஊர்ப் பெண்கள் 1979இல் பிள்ளைகளோடு ஒட்டாவாவுக்கு நூறு மைல் நடந்தார்கள். அதே ஊரின் சாண்ட்ரா லவ்லேஸ் ஐநா மனித உரிமைக் குழுவுக்குப் புகார் அனுப்பினார். 1981இல் கனடா தவறு செய்கிறது என்று அந்தக் குழு சொன்னது.

இதில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அந்தப் பெண்களை எதிர்த்தவர்களில் தொல்குடிச் சபைகளின் ஆண் தலைவர்களும் இருந்தார்கள். சட்டத்தின் ஒரு செங்கலை உருவினால் முழுக் கட்டடமும் சரியும், உடன்படிக்கை உரிமையும் அதோடு போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். நூறு ஆண்டுகளாக ஆண்வழிப் பட்டியலில் வாழ்ந்து பழகியதும் ஒரு காரணம். வெளியிலிருந்து வந்த விளக்கம் உள்ளே வேர்விட்டுவிட்டது. காஹ்னவாகே சபை 1981இல், வெளியாளை மணந்தால் ஊரில் இருக்கக் கூடாது என்று தானே ஒரு விதி போட்டது. ஆண் பெண் இருவருக்கும். அது செல்லாது என்று 2018இல் ஒரு நீதிமன்றம் சொன்னது.

1985இல் சட்டம் திருத்தப்பட்டது. ஜூலை 5 அன்று முதல் ஆளாகத் தன் அடையாளத்தைத் திரும்பப் பெற்ற மேரி டூ ஆக்ஸ் எர்லிக்கு அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலுக்கு வந்தார்கள். ஆனால் முன்வாசலில் சேர்த்தவர்களைப் பின்வாசலில் கழிக்கும் கணக்கொன்று அதே திருத்தத்தில் இருந்தது. சட்டத்தின் ஆறாம் பிரிவு அது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் இருப்பவர்கள் இரண்டு வகை: 6(1), 6(2). 6(1) வகையைச் சேர்ந்தவர் வெளியாளோடு பெறும் பிள்ளை 6(2). அந்த 6(2) பிள்ளை வளர்ந்து வெளியாளோடு பெறும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இரண்டு தலைமுறை தொடர்ந்து வெளியில் மணந்தால் மூன்றாவது தலைமுறை சட்டப்படி இந்தியர் அல்ல. பாட்டி வீட்டிலேயே வளர்ந்து, பாட்டி மொழியே பேசினாலும் அல்ல. ஓர் அண்ணனையும் தங்கையையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் 1985க்கு முன் வெளியில் மணந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளும் வெளியில் மணந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் அடையாளத்தை இழக்கவே இல்லை. அவர் மனைவியும் பட்டியலில் சேர்ந்தார். பிள்ளைகள் 6(1), பேரப்பிள்ளைகள் 6(2). தங்கை இழந்து திரும்பப் பெற்றார். அவர் பிள்ளைகள் 6(2), பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் பேரர்களில் ஒருவருக்கு அட்டை, ஒருவருக்கு இல்லை. இதை எதிர்த்து ஷாரன் மக்கைவர் பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார். 2009இல் பிரிட்டிஷ் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஓரளவு வென்றார். அரசு 2011இல் கொஞ்சம் திருத்தியது. கியூபெக்கில் இன்னொரு வழக்கு, 2017இல் இன்னொரு திருத்தம். அதன் கடைசிப் பகுதி நடைமுறைக்கு வந்தது 2019 ஆகஸ்டில். ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் காட்டிய ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு, அடுத்த பெண் அடுத்த வழக்கைத் தொடுக்கும் வரை அரசு காத்திருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

தந்தை பெயர் எழுதாத பிள்ளைகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லையென்றால், தந்தை வெளியாள் என்றே துறை வைத்துக்கொண்டது. வன்முறைக்கு ஆளான பெண் எந்தப் பெயரை எழுதுவாள்? தன் பாட்டன் யாரென்று தெரியாத ஒரே காரணத்தால் மறுக்கப்பட்ட லின் கெல், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி 2017இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். ஆண் பெண் பாகுபாடு இப்போது பெரும்பாலும் நீங்கிவிட்டது; ஆனால் இரண்டாம் தலைமுறையோடு வெட்டும் கணக்கு இருபாலருக்கும் சமமாகத் தொடர்கிறது. வெளியில் மணப்பது சகஜமாகிவிட்ட சிறு சமூகங்களில் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். உடன்படிக்கை சூரியன் இருக்கும் வரை என்றது. பட்டியலில் ஆள் இருக்கும் வரை என்று அதில் எழுதவில்லை.

பட்டியலுக்கு வெளியே விடப்பட்டவர்களும் உண்டு. வடதுருவ இனுயிட் மக்கள் இந்தியர் சட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் அவர்களுடைய பெயர்கள் அரசுப் பதிவேட்டுக்குச் சரிப்படவில்லை என்று 1940களில் எண் பொறித்த வட்டுகளைக் கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ள. கிழக்கு என்றால் ஒரு எழுத்து, மேற்கு என்றால் ஒரு எழுத்து, பின்னால் எண். 1970 வாக்கில்தான் குடும்பப் பெயர் எழுதிக்கொண்டு எண்ணைக் கைவிட்டார்கள். மேட்டீ மக்களுக்கு அரசமைப்பில் இடம் 1982இலும், மத்திய அரசுக்கு அவர்கள் மேல் பொறுப்பு உண்டு என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2016இலும்தான் கிடைத்தன.

சினிக்ஸ்ட் மக்களுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். அவர்கள் நிலத்தின் நடுவே கனடா-அமெரிக்க எல்லைக்கோடு விழுந்தது. பலர் தெற்குப் பக்கம் தள்ளப்பட்டார்கள். 1956இல் கனடா அரசு, இந்தச் சமூகம் அற்றுப்போய்விட்டது என்று அறிவித்துவிட்டது. தெற்கே பலர் உயிரோடு இருந்தார்கள். 2010இல் அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டெசோட்டல் எல்லை தாண்டி வந்து, மூதாதையர் காட்டில் ஒரு எல்க் மானைச் சுட்டு, தானே வனத்துறைக்குத் தகவல் சொன்னார். வழக்கு வர வேண்டும் என்றுதான் சொன்னார். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கனடாவின் தொல்குடி மக்கள் என்பதில் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டவர்களும் அடங்குவர் என்றது. ஒரு மானைச் சுட்டுத்தான் ஒரு மக்கள் தாங்கள் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

உச்ச நீதிமன்றம் ஒரு நாளில் மாறிவிடவில்லை. லவல் தோற்ற அதே 1973இல், நிஸ்கா தலைவர் ஃபிராங்க் கால்டர் தொடுத்த வழக்கில், ஐரோப்பியர் வருமுன்பே இந்த மக்களுக்கு நில உரிமை இருந்தது என்று நீதிபதிகளில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். வழக்கு ஒரு நடைமுறைக் காரணத்தால் தோற்றது, ஆனால் அரசின் கொள்கை அசைந்தது. 1980இல் அரசமைப்பைப் புதிதாக எழுதும்போது தொல்குடி உரிமை விடுபடப் பார்த்தது. வான்கூவரிலிருந்து சுமார் ஆயிரம் பேர் ரயில் ஏறி ஒட்டாவா வந்தார்கள். 1982 அரசமைப்பின் 35ஆம் பிரிவில், இருக்கிற தொல்குடி உரிமைகளும் உடன்படிக்கை உரிமைகளும் ஏற்கப்படுகின்றன என்ற வரி இடம்பெற்றது இப்படிப்பட்ட போராட்டங்களால்.

அந்த வரிக்கு உயிர் கொடுத்த வழக்குகளில் எனக்கு மறக்க முடியாதது கிட்க்சான், வெட்சுவெட்டென் மக்களுடையது. அவர்களுடைய நிலப்பத்திரம் பாட்டில் இருக்கிறது. எந்த மலை எந்தக் குலத்துக்கு, அங்கே முன்னோருக்கு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் பாட்டு. மூதாட்டி மேரி ஜான்சன் சாட்சிக் கூண்டில் அதைப் பாட முன்வந்தபோது, பாடினால் எனக்கு ஒன்றும் புரியப்போவதில்லை, எனக்கு இசைக் காது கிடையாது என்றார் நீதிபதி. அவர் பாடினார். 1991இல் அந்த நீதிபதி வழக்கைத் தள்ளினார். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்கு நிகரான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. நயாகராவில் கைமாறிய வாம்பம் பட்டைக்கும் சேர்த்துச் சொன்ன பதிலாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். 2014இல் சில்கோட்டின் மக்கள் 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமையாளர்கள் என்ற தீர்ப்பையே பெற்றார்கள்.

ஆனாலும் நிலம் யாருடையது என்பதில் நீதிமன்றம் காட்டிய தாராளம், மக்கள் யார் என்பதில் இன்னும் வரவில்லை. கால்டரின் நிஸ்கா மக்கள் மட்டும் அந்தப் பக்கமும் கொஞ்ச தூரம் போயிருக்கிறார்கள். 2000 மே மாதம் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய உடன்படிக்கையில், நிஸ்கா குடிமகன் யார் என்பதை அவர்களே சொல்கிறார்கள். தாய் நிஸ்கா குலத்தில் பிறந்தவரா என்பது அதில் முதல் கேள்வி. 6(1), 6(2) கிடையாது. அவர்களுக்கென்று சட்டமன்றம் இருக்கிறது, அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலத்தில் வாழும் பழைய ‘ரிசர்வ்’ முறை போய் நிலம் அவர்கள் பெயருக்கே வந்துவிட்டது, இந்தியர் சட்டம் இனி அவர்களுக்குப் பொருந்தாது. ஒரே ஒரு விதிவிலக்கு. ஒரு நிஸ்கா சட்டப்படி ‘இந்தியரா’ இல்லையா என்று தீர்மானிக்க மட்டும் பழைய சட்டம் இன்னும் செல்லும். அந்தப் பதிவேடு இன்றைக்கும் மத்திய அரசின் கையில்தான் இருக்கிறது.